ஸ்குவாஷ் கோர்ட்டில் கண்ணும் கையும்: வாசகர் கேள்வி – பதில்

2025 டிசம்பரில் சென்னையில் நடந்த ஸ்குவாஷ் உலகக் கோப்பையை இந்திய அணி வென்றது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் முதன்முறையாக இடம்பெறப் போகிறது. பெங்களூரு வாசகர்களிடமிருந்து ஸ்குவாஷ் பயிற்சி பற்றி வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே ஆதங்கம்தான்: "கோர்ட்டுக்குத் தவறாமல் போகிறேன். ஆனால் மனசும் நிற்கவில்லை, அடியும் திருந்தவில்லை." இரண்டும் ஒரே சிக்கல்தான் என்பது எங்கள் கருத்து. இந்த நொடியில் கண் எங்கே இருக்க வேண்டும், கைக்கு என்ன வேலை என்பது தெளிவாக இருந்தால் மனசு அலையாது. பதில்கள் வலக்கை ஆட்டக்காரரை வைத்து எழுதப்பட்டவை. இடக்கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஐ.டி. வேலை. வாரம் மூன்று நாள், சாயங்காலம் ஏழு மணிக்குக் கோர்ட். முதல் பத்து நிமிஷம் ஆபீஸ் நினைப்பு, கடைசிப் பத்து நிமிஷம் களைப்பு. நடுவில் கோச் 'ஃபோகஸ், ஃபோகஸ்' என்று சத்தம் போடுகிறார். அதை எப்படித்தான் செய்வது?
– வாசகர், அல்சூர்

'ஃபோகஸ்' என்று சொன்னதால் மட்டும் அது யாருக்கும் வந்துவிடாது. கண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள், வரும்.

ஒன்றை இன்றே கவனித்துப் பாருங்கள். எதிராளி உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று அடிக்கும்போது நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள்? புதிதாக ஆடுகிறவர்களில் பலர் முன்சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பந்து சுவரில் பட்ட பிறகுதான் அது எந்தப் பக்கம் வருகிறது என்றே தெரியும். அதற்குள் பாதி நேரம் போயிருக்கும். விழுந்தடித்து ஓடி, மட்டையைக் கடைசி நொடியில் தூக்கி, எப்படியோ தட்டிவிட்டு, கவனம் போய்விட்டது என்று நொந்துகொள்வார்கள். கவனக்குறைவு என்று நாம் சொல்லும் பிழைகளில் பாதி, இப்படித் தாமதமாகப் பார்த்ததால் வருபவை.

கோர்ட்டின் குறுக்குக் கோடும் நடுக்கோடும் சேரும் இடத்தை 'டி' என்பார்கள். அதற்கு ஓர் அடி பின்னால் நில்லுங்கள். நீங்கள் அடித்த பந்து இடது பின்மூலைக்குப் போனால், தலையையும் இடது தோளையும் அந்தப் பக்கம் திருப்பி எதிராளியின் மட்டையையும் பந்தையும் பாருங்கள். பாதம் முழுசாகத் திரும்ப வேண்டியதில்லை. முழங்கால் லேசாக மடிந்திருக்கட்டும், மட்டை இடுப்புக்கு மேல் இருக்கட்டும். அவருடைய மட்டை கீழே இறங்கத் தொடங்கும்போது ஒரு சின்னத் துள்ளல். அவர் பந்தைத் தொடும் நேரத்தில் உங்கள் இரண்டு பாதமும் தரையில் இருக்க வேண்டும். இதற்கு ஸ்ப்ளிட் ஸ்டெப் என்று பெயர். துள்ளல் முந்திப்போனால் கால் மறுபடி செத்துப்போகும். பிந்தினால் கிளம்பவே முடியாது. பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வரும்போது பாலிகார்பனேட் கண்ணாடி கட்டாயம் போட வேண்டும். பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர்தான். கண்குழிக்குள் அப்படியே பொருந்தக்கூடிய அளவு. வழக்கமாகப் போடும் பவர் கண்ணாடி உடைந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

அடுத்த வேலை, நீங்கள் அடிக்கும் நேரத்தில். பந்து மட்டையின் நரம்பில் படும்வரை பாருங்கள், பட்ட பிறகும் கண் இமைக்கும் நேரம் அதே இடத்தில் பார்வை நிற்கட்டும். பந்து எங்கே போகிறது என்று பார்க்கும் ஆசையில் தலையை முன்னதாகத் தூக்கினால் தோளும் கூடவே தூக்கிக்கொள்ளும். பந்து மட்டையின் விளிம்பில் படும்.

இனி அந்த ஒரு மணி நேரம். சில்க் போர்டு நெரிசலில் நின்று வந்து, ஷூ மாட்டிய கையோடு கோர்ட்டுக்குள் நுழைந்தால் முதல் பத்து நிமிஷம் வீண்தான். பத்து நிமிஷம் முன்னதாக வந்து போனை அணைத்துப் பையில் போடுங்கள். மூன்று நிமிஷம் ஸ்கிப்பிங், பிறகு தோள், இடுப்பு, தொடை அசைவுகள், பிறகு பந்தில்லாமல் இருபது முறை மட்டை வீச்சு. உள்ளே போனதும் நேரத்தை எட்டு, பத்து நிமிஷத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு துண்டுக்கு ஒரே ஒரு குறிப்பு. கோச் ஐந்து சொல்வார், ஐந்தும் சரியாகவே இருக்கும். இந்தத் துண்டுக்கு 'மட்டை சீக்கிரம்' மட்டும் போதும் என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு நிமிஷம் தண்ணீர்.

ஒரு ரேலி முடிந்ததும் பந்தை எடுக்கப் போகும் அந்தச் சில நொடிகளையும் வீணாக்காதீர்கள். வியர்த்த உள்ளங்கையைப் பக்கச் சுவரில் துடையுங்கள், மூச்சை நீளமாக வெளியே விடுங்கள், அடுத்த சர்வ் எங்கே என்று முடிவுசெய்துவிட்டு சர்வீஸ் பாக்ஸுக்குள் கால் வையுங்கள். போன பாயிண்டைப் பற்றிய புலம்பலை அந்தச் சுவரோடு விட்டுவிட வேண்டும். கடைசிப் பத்து நிமிஷக் களைப்புக்கு வழி எளிது: புது அடியைப் பழகுவதை முதல் பாதியில் வையுங்கள், ஓட்டமும் ஆட்டமும் பின்பாதியில். களைத்த உடம்போடு புது அடியைப் பழகினால் அதன் கோணல்தான் கையில் பதியும்.

பேக்ஹேண்டில் நேராக அடிக்கப் பார்க்கிறேன். பத்தில் ஏழு பந்து நடுக்கோர்ட்டுக்குப் போய் எதிராளிக்கு அல்வாவாகக் கிடைக்கிறது. ஒரு வருஷமாக இதே கதை.
– வாசகி, ஜெயநகர்

பந்து நடுவுக்குப் போகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதை அடிக்கும் இடத்தை. வலக்கைக்காரருக்குப் பேக்ஹேண்ட் நேரடியில் பந்து வலது முழங்காலுக்கு நேராக, அல்லது ஒரு சாண் முன்னால் இருக்கும்போது மட்டை படவேண்டும். அதற்கும் முன்னால் போய் அடித்தால் மட்டை முகம் வலப்பக்கம் திரும்பிவிட்டிருக்கும், பந்து குறுக்கே போகும். பின்னால் விட்டு அடித்தால் இடது சுவரில் மோதும். உங்களுக்கு முதல் வகை.

ஏன் முன்னால் போகிறீர்கள் என்றும் பார்க்க வேண்டும். மார்பு முன்சுவரைப் பார்த்தபடி நின்றால் கைக்கு வேறு வழி இல்லை, முன்னால்தான் அடித்தாக வேண்டும். வலது பாதம் இடது சுவரை நோக்கிப் போகட்டும். வலது தோள் முகவாய்க்குக் கீழே வரும்வரை உடம்பு திரும்பட்டும். உங்களை முன்சுவரிலிருந்து பார்ப்பவருக்கு முதுகின் ஒரு பகுதி தெரிய வேண்டும். மட்டையின் தலை இடது காதுக்குப் பக்கத்தில், முழங்கை மடிந்து, மணிக்கட்டு மேல்நோக்கி நிமிர்ந்து. இவ்வளவும் பந்து தரையில் துள்ளுவதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். துள்ளிய பிறகு தூக்குகிறவர்கள் எல்லோருக்கும் வீச்சு சுருங்கிப் போகும்.

இன்னொரு பிழை, பந்துக்கு மிக அருகில் போய் நிற்பது. ஓடுகிற வேகத்தில் பந்து காலடிக்கு வந்துவிடும். கை மடங்கி, உடம்பின் குறுக்கே இழுத்து அடிப்பீர்கள். பட்ட நேரத்தில் கை கிட்டத்தட்ட நீண்டிருக்கும் தூரம்தான் சரி. கடைசி இரண்டு காலடியைச் சின்னதாக வைத்தால் இந்தத் தூரம் கைக்கு வரும். அடித்த பிறகு மட்டை முன்சுவரை நோக்கிப் போய் மேலே முடியட்டும், வலது பக்கமாகச் சுழல வேண்டாம்.

பிடியையும் ஒருமுறை பாருங்கள். தோசைக் கரண்டியைப் பிடிப்பதுபோல உள்ளங்கை முழுதும் கைப்பிடியின் பின்னால் வந்திருந்தால் ஃபோர்ஹேண்டில் தப்பிக்கலாம், பேக்ஹேண்டில் மாட்டிக்கொள்வீர்கள். மட்டை முகத்தைச் செங்குத்தாக நிறுத்திப் பிடிக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் பிளவு, கைப்பிடியின் மேல் விளிம்புக்குச் சற்று இடதுபுறம் வரவேண்டும். ஆள்காட்டி விரல் மற்ற விரல்களிலிருந்து கொஞ்சம் மேலே விலகியிருக்கும். மட்டை முகம் கொஞ்சம் வானத்தைப் பார்த்தபடி திறந்திருக்க வேண்டும். மூடிய முகம் பந்தை டின்னில், அதாவது முன்சுவரின் அடியிலுள்ள தகட்டில், தள்ளும்.

இதெல்லாம் சரியான பிறகு நீளத்தைக் கவனியுங்கள். முன்சுவரில் சர்வீஸ் கோடு தரையிலிருந்து 1.78 மீட்டர் உயரம். பின்மூலையிலிருந்து நேராக அடிக்கும்போது அந்தக் கோட்டுக்கு மேலே பந்து படவேண்டும். முதல் துள்ளல் சர்வீஸ் பாக்ஸைத் தாண்டி, இரண்டாவது துள்ளல் பின்சுவரின் அடியில். நடுக்கோர்ட்டிலேயே விழுந்து செத்தால் சுவரில் தாழ்வாகப் பட்டிருக்கிறது. பின்சுவரில் மோதி உயரமாகத் திரும்பி வந்தால் தேவைக்கு மேல் உயரம் அல்லது வேகம். பலத்தைக் கூட்டுவதற்கு முன் உயரத்தை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

பழகும்போது பேக்ஹேண்ட் பக்கம் சர்வீஸ் பாக்ஸுக்குப் பின்னால், சுவரிலிருந்து ஒரு மட்டை நீளத்தில் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சுவருக்கும் டேப்புக்கும் நடுவே விழுவது மட்டும் கணக்கு. முதல் வாரம் ஒரே அடியைத் தொடர்ந்து அடியுங்கள். அதன் பிறகு அப்படிச் செய்யாதீர்கள். ஒரு நேரடி, ஒரு போஸ்ட் (பக்கச் சுவரில் பட்டு முன்சுவருக்குப் போகும் அடி), ஒரு குறுக்கடி என்று கலந்து அடிக்கும்போது அன்றைக்குப் பிழை கூடும், மனசும் சலிக்கும். ஆனால் ஆட்டத்தில் உதவுவது அப்படிக் கலந்து பழகியதுதான். ஒரே இடத்தில் நின்று ஐம்பது அடிக்கும்போது முப்பதாவது பந்துக்கு மேல் மூளை தூங்கிவிடுகிறது, கை மட்டும் வேலை செய்கிறது.

சேர்ந்து ஆட ஆள் கிடைப்பதில்லை. தனியாக 45 நிமிஷம் கிடைத்தால் என்ன செய்யலாம்? சும்மா சுவரில் அடித்தால் சலிப்பாக இருக்கிறது.
– வாசகர், சிவாஜிநகர்

தனிப் பயிற்சியை நாங்கள் மிகவும் பரிந்துரைக்கிறோம். டென்னிஸ், பேட்மிண்டன் போல இல்லாமல் ஸ்குவாஷில் பந்து சுவரில் பட்டுத் தானாகத் திரும்பி வரும்; இந்த வசதியை நம்மவர்கள் பயன்படுத்துவது குறைவு. சலிப்பு வருவது எண்ணிக்கையோ இலக்கோ இல்லாததால்.

முதல் ஐந்து நிமிஷம் இரு பக்கமும் நடுத்தர வேகத்தில் அடித்துப் பந்தைச் சூடாக்குங்கள். பிறகு முன்சுவரிலிருந்து இரண்டு மீட்டரில் நின்று வாலி: ஃபோர்ஹேண்டில் இருபது, பேக்ஹேண்டில் இருபது, பந்து தரையில் விழாமல். முடிந்தால் ஓர் அடி பின்னால் போங்கள். விழுந்தால் அதே இடத்தில் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து. பதினெட்டு, பத்தொன்பதில் நெஞ்சு படபடக்கும். ஆட்டத்தில் பத்தாவது பாயிண்டில் வரும் அதே படபடப்பு. அதற்காகவே இந்த விதி.

அடுத்து எட்டு வடிவப் பயிற்சி. 'டி'க்கு அருகில் நின்று ஃபோர்ஹேண்டில் முன்சுவரின் இடது மூலையை ஒட்டி அடித்தால், பந்து இடது சுவரிலும் பட்டு உங்கள் பேக்ஹேண்டுக்கு வரும். அதைப் பேக்ஹேண்டில் வலது மூலைக்கு அனுப்பினால் ஃபோர்ஹேண்டுக்கு வரும். முதலில் ஒரு துள்ளல் விட்டு அடியுங்கள், கை வந்த பிறகு வாலியாக. உயரம் போதாதபோதுதான் இந்தச் சங்கிலி அறுந்துபோகும், சர்வீஸ் கோட்டுக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். எட்டு நிமிஷம் போதும்.

பிறகு பதினைந்து நிமிஷம் நேரடி, மேலே சொன்ன டேப் இலக்கோடு. இரு பக்கமும் பத்துப் பத்தாக மாறி மாறி. கடைசியில் சர்வ் இருபது. வலது பாக்ஸில் ஒரு காலை வைத்து, முன்சுவரின் உச்சிக்கோட்டுக்கு (4.57 மீட்டர்) அரை மீட்டர் கீழே, மெதுவாக லாப். பந்து இடது சுவரின் மேல்பகுதியை உரசி, சர்வீஸ் பாக்ஸுக்குப் பின்னால் செங்குத்தாக இறங்க வேண்டும். சுவரை உரசாத லாப் எதிராளிக்கு வாலி அடிக்க வாய்ப்பாகிவிடும். சர்வில் யாரும் உங்களை அவசரப்படுத்துவதில்லை, முழுக்க உங்கள் கையில் இருக்கும் ஒரே அடி அது. அதைப் பழகாமல் விடுவது பெரிய நஷ்டம்.

சென்னையில் மூன்று வருஷம் ஆடிவிட்டு டிசம்பரில் இங்கே மாற்றலாகி வந்தேன். காலை ஆறு மணிக்குப் பந்து எழும்பவே மாட்டேன் என்கிறது. என் டைமிங்கே போய்விட்டது.
– வாசகர், கம்மனஹள்ளி

உங்கள் டைமிங் எங்கும் போகவில்லை, பந்துதான் குளிர்ந்துபோயிருக்கிறது. சர்வதேச அளவுகோலின்படி இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால், 45 டிகிரி செல்சியஸில் அது 26 முதல் 33 சதவீதம் எழும்ப வேண்டும். 23 டிகிரியில் 12 சதவீதம் எழும்பினாலே போதும். அதாவது முழங்கால் தாண்டி எழும்ப வேண்டிய பந்து, குளிரில் ஓர் அடிதான் எழும்பும். பெங்களூரில் டிசம்பர் விடியற்காலை 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். சுவரும் தரையும் சில்லென்று இருக்கும். ரேலி நடுவே சற்று நின்றாலே பந்து மறுபடி ஆறிவிடும். நகரம் 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்று கொஞ்சம் மெல்லியதுதான், ஆனால் காலை வேளையில் குளிர் அதைத் தின்றுவிடும்.

கோர்ட்டுக்கு வரும் வழியில் பந்தைக் கால்சட்டைப் பையில் வையுங்கள். உள்ளே வந்ததும் காலடியில் உருட்டி நசுக்கி, பிறகு பலமாக நாற்பது, ஐம்பது அடி. அப்படியும் எழும்பாவிட்டால் கூச்சப்படாமல், கொஞ்சம் கூடுதலாக எழும்பும் ஒற்றை மஞ்சள் புள்ளிப் பந்துக்கு மாறுங்கள். சரியாக எழும்பாத பந்தில் ஒரு மாதம் ஆடினால் கை அவசர அடிக்குப் பழகிவிடும். ஆட்ட முறையிலும் ஒரு மாற்றம்: நேரடியைச் சென்னையில் அடித்ததைவிட அரை மீட்டர் உயரமாக அடியுங்கள். டிராப்பை (முன்சுவருக்கு அருகிலேயே மெதுவாக விழும் அடி) அதிகமாகப் பயன்படுத்துங்கள். சென்னையில் எழும்பி நின்றுவிடும் அதே டிராப் இங்கே இரண்டாவது துள்ளலுக்குள் செத்துவிடும்.

மகனுக்கு 9 வயது. எங்கள் அபார்ட்மெண்ட் கோர்ட்டில் கற்றுக்கொள்கிறான். பெரியவர்கள் ஆடும் இரட்டை மஞ்சள் பந்தையே தருகிறார்கள். இரண்டு அடிக்கு மேல் ரேலி போகவில்லை, அழுதுவிடுகிறான். தரையும் வழுக்குகிறது.
– ஒரு தாய், ஒயிட்ஃபீல்டு

பந்தை மாற்றுங்கள் அம்மா, அழுகை நின்றுவிடும். இரட்டை மஞ்சள், பலமாக அடித்துச் சூடாக்கத் தெரிந்தவர்களுக்கானது. டன்லப் வரிசையில் நீலப் புள்ளிப் பந்து 12 சதவீதம் பெரியது, துள்ளி நிற்கும் நேரம் 40 சதவீதம் கூடுதல். சிவப்பு 6 சதவீதம் பெரிது, 20 சதவீதம் கூடுதல் நேரம். ஒற்றை மஞ்சள் 10 சதவீதம் கூடுதல். நீலத்தில் தொடங்கட்டும். கோச்சோடு இருபது அடி ரேலி சுலபமாகப் போகிறபோது சிவப்பு. குழந்தைகளின் கவனம் நிற்பது பந்து ஆட்டத்தில் இருக்கும்வரைதான்; அதனால் 40 நிமிஷ வகுப்பு, அதில் பாதி போட்டி மாதிரியான ஆட்டம். கண்ணாடி இல்லாமல் உள்ளே விடவே வேண்டாம்.

வழுக்கலை அலட்சியப்படுத்தாதீர்கள். ஸ்குவாஷ் தரை, வார்னிஷ் பூசாத வெறும் மரமாக இருக்க வேண்டும். வியர்வையை உறிஞ்சுவது அதன் வேலை. அழகுக்காகப் பாலிஷ் போட்டிருந்தால் சங்கத்தில் சொல்லி அதைத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். தூசியாக இருந்தால் தினமும் உலர்ந்த மாப் போதும். ஃபினாயில் போட்டுத் துடைக்கக் கூடாது. வெளியே போட்டுவந்த ஷூவோடு யாரும் உள்ளே போகக் கூடாது. மழைக்காலத்தில் சுவரில் ஈரம் பூத்திருந்தால் அன்றைக்கு ஆட்டம் வேண்டாம். பந்து சறுக்குவதோடு காலும் சறுக்கும்.

எனக்கு 15 வயது. கோஸ்டிங் செய்யும்போது பந்தே இல்லாமல் ஓடுவது முட்டாள்தனமாகத் தோன்றுகிறது. முழங்காலும் வலிக்கிறது. விட்டுவிடலாமா?
– பள்ளி மாணவன், மல்லேஸ்வரம்

தம்பி, கோஸ்டிங்கை விடாதே, செய்கிற விதத்தை மாற்று. பந்தைத் துரத்தும்போது கால் என்ன செய்கிறது என்று பார்க்க நேரமே கிடையாது. அந்தக் காலைப் பார்க்கத்தான் கோஸ்டிங்.

வேகத்தைப் பாதியாகக் குறை. 'டி'யிலிருந்து முன்மூலைக்குப் போகும்போது கடைசி அடி நீளமானது. குதிகால் முதலில் இறங்கட்டும். பாதத்தின் நுனி மூலையைப் பார்க்க, முழங்கால் அதே திசையில் இருக்கட்டும். முழங்கால் உள்பக்கம் சரிந்தாலோ விரல் நுனியைத் தாண்டி முன்னே போனாலோ வலிக்கக்கூடும். நெஞ்சைக் கவிழ்க்காதே. அங்கே நின்று ஒரு முழு வீச்சு, பந்து இருப்பதாக நினைத்து, கண் அந்த இடத்திலேயே. பிறகு முன்காலால் தரையைத் தள்ளி 'டி'க்குத் திரும்பு. அவசரத்தில் எல்லோரும் அரை வீச்சு வீசிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதைச் செய்தால் நீ சொல்வதுபோல வெறும் ஓட்டம்தான்.

நாற்பது விநாடி வேலை, நாற்பது விநாடி ஓய்வு, ஆறு சுற்று. நண்பன் ஒருவன் முன்சுவர் பக்கம் நின்று எந்த மூலை என்று விரலால் காட்டட்டும், வாயால் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு முறையும் 'டி'க்கு வந்து துள்ளி, அவன் விரலைப் பார்த்த பிறகே கிளம்பு. இப்படிச் செய்தால் அலுக்காது. இரண்டு வாரம் மெதுவாகச் செய்தும் வலி போகாவிட்டால், அம்மா அப்பாவிடம் சொல்லி எலும்பு மருத்துவரைப் பார். உன் வயதில் எலும்பு வளர்ந்துகொண்டிருக்கிறது, வலியோடு ஆடக் கூடாது.

8-4 என்று முன்னால் இருப்பேன். அங்கிருந்து 9-11 என்று தோற்பேன். மாதத்துக்கு இரண்டு முறையாவது நடக்கிறது.
– வாசகர், சர்ஜாபுரா ரோடு

8-4 வரை உங்களைக் கொண்டுவந்த ஆட்டத்தை அங்கே நிறுத்திவிடுகிறீர்கள் என்பதுதான் எங்கள் ஊகம். சிலர் சீக்கிரம் முடிக்க ஆசைப்பட்டு டின்னுக்கு ஒட்டி டிராப் அடிப்பார்கள். சிலர் பயந்துபோய்ப் பந்தைப் பாதுகாப்பாக நடுவிலேயே போடுவார்கள். நீங்கள் எந்த ரகம் என்று தெரிய, அடுத்த மூன்று ஆட்டங்களில் எட்டுக்குப் பிறகு இழந்த ஒவ்வொரு பாயிண்டும் எப்படிப் போனது என்று நண்பரைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். டின், வெளியே, எதிராளியின் வெற்றி அடி என்று மூன்று கட்டம் போதும்.

முதல் ரகமென்றால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: எட்டைத் தொட்ட பிறகு, எதிராளி உங்களுக்குப் பின்னால் இருந்தால் ஒழிய டிராப் கிடையாது. இரண்டாவது ரகமென்றால் அந்த நேரத்தில் வாலியைத் தேடி முன்னே போங்கள். பயத்தில் கால் பின்னுக்கு இழுக்கும், அதை எதிர்க்க வேறு வழி இல்லை. இரண்டு ரகத்துக்கும் பொது: சர்வுக்குப் போகும் நடை வழக்கத்தைவிட மெதுவாக இருக்கட்டும். வாரத்தில் ஒருநாள் 8-8 என்று தொடங்கிச் சின்னச் சின்ன கேம்களாக ஆறு ஆடுங்கள். கடைசி மூன்று பாயிண்ட் உங்களுக்குப் பழக்கமான இடமாக வேண்டும். 2023 ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் ஆண்கள் அணி இறுதியில் பாகிஸ்தானுக்கு எதிரான தீர்மான ஆட்டத்தை அபய் சிங் ஐந்தாவது கேமில் 12-10 என்று வென்றுதான் இந்தியாவுக்குத் தங்கம் வந்தது. அந்த ஆட்டத்தின் காணொளி கிடைத்தால் கடைசிப் புள்ளிகளை மட்டும் திரும்பத் திரும்பப் பாருங்கள், ரேலிக்கு நடுவே இருவரும் என்ன செய்கிறார்கள் என்று.

ஆடிய மறுநாள் முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது. மட்டையை மாற்ற வேண்டுமா?
– வாசகி, இந்திராநகர்

மட்டையை மாற்றுமுன் பிடியைத் தளர்த்திப் பாருங்கள். பத்துக்கு மூன்று, நான்கு அளவு இறுக்கம் போதும். பந்து படும் நொடியில் மட்டும் தானாக இறுகும். பிடியுறை வழவழப்பாகிவிட்டால் கை தன்னையறியாமல் நெரிக்கும், அதை முதலில் மாற்றுங்கள். மட்டையின் நரம்பு மிக இறுக்கமாகக் கட்டியிருந்தால் அதையும் இரண்டு பவுண்டு குறைக்கச் சொல்லுங்கள். பேக்ஹேண்டை மணிக்கட்டால் மட்டும் சுண்டி அடிக்கிறவர்களுக்கு இந்த வலி சகஜம். தோள் திரும்பினால் சுமை குறையும். இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் வலித்தால் பிசியோவைப் பாருங்கள்.

எதிராளி வழியை மறைத்துக்கொண்டே நிற்கிறார். கோபத்தில் ஆட்டமே போய்விடுகிறது.
– வாசகர், எலஹங்கா

பந்தை எட்டியிருப்பீர்கள், அவர் இடைஞ்சல் என்றால் உடனே நின்று 'லெட் ப்ளீஸ்' கேளுங்கள். பாயிண்ட் மறுபடி ஆடப்படும். நீங்கள் அடிக்கும் பந்து நேராக முன்சுவருக்குப் போகும் வழியில் அவர்மேல் பட்டிருக்கும் என்றாலோ, உங்கள் வெற்றி அடியை அவர் தடுத்தார் என்றாலோ ஸ்ட்ரோக், பாயிண்ட் உங்களுக்கு. ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டையை வீசவே கூடாது. நடுவர் இல்லாத ஆட்டத்தில் சந்தேகமென்றால் லெட் என்று ஆரம்பிக்கும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பந்து நடுவில் விழுவதால்தான் அவர் நடுவில் நிற்கிறாரா என்றும் பாருங்கள். ஜெயநகர் வாசகிக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தலாம்.

வயது 52. இருபது வருஷம் கழித்து மறுபடி ஆட ஆசை. எப்படித் தொடங்குவது?
– வாசகர், ராஜாஜிநகர்

முதலில் இதய மருத்துவரைப் பார்த்து ட்ரெட்மில் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். ஸ்குவாஷ் இதயத் துடிப்பைச் சில நிமிஷத்திலேயே உச்சத்துக்குக் கொண்டுபோகும் ஆட்டம். ஆட்டத்துக்காக உடம்பைத் தயார்படுத்த வேண்டுமே தவிர, தயாராகாத உடம்போடு போட்டியில் குதிக்க வேண்டாம். முதல் மாதம் வாரம் இரண்டு நாள், ஒற்றை மஞ்சள் அல்லது சிவப்புப் பந்தில் தனிப் பயிற்சியும் கோச்சோடு நேரடி, போஸ்ட் மாற்றி அடிப்பதும் மட்டும். இரண்டு நாளுக்கும் நடுவே குறைந்தது ஒருநாள் இடைவெளி. மற்ற நாட்களில் வேக நடையும், கெண்டைக்கால் வலுவுக்குப் படியில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி பதினைந்து வீதம் மூன்று சுற்றும். குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலிஸ் தசைநார் உங்கள் வயதில் எளிதில் அறுந்துவிடலாம்.

பழைய கை நினைவில் இருக்கும், பழைய கால் இருக்காது. பின்மூலையில் எட்டாத பந்தை விட்டுவிடுங்கள். ஆட்டம் என்று தொடங்கும்போது குறுக்குக் கோட்டுக்குப் பின்னால் மட்டும் பந்து விழ வேண்டும் என்ற விதியோடு ஒன்பது பாயிண்டுக்கு ஆடுங்கள். முன்னே பாயும் வேலை இருக்காது, நீளமான நேரடி தானாகத் திரும்ப வரும். மார்பில் அழுத்தம், தாடையிலோ இடது கையிலோ வலி, தலைசுற்றல் வந்தால் அந்த ரேலியை முடிக்கக்கூட நிற்காதீர்கள், கோர்ட்டை விட்டு வெளியே வந்து உட்கார்ந்து உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.